பேராசிரியர் எழுதிய புத்தகத்தையே வாங்க வேண்டுமா?

ஹூஸ்டன் அப்பா:
மகள் இங்கே கல்லூரியில் முதலாண்டு. புள்ளியியலுக்கு, பாடம் எடுப்பவரே எழுதிய புத்தகம்தான் வேண்டுமாம். அச்சுப் பிரதி 180 டாலர். மின்புத்தகம் 95, அதுவும் செமஸ்டர் முடிந்ததும் திறக்காது. காகிதம் இல்லை, அச்சுக்கூலி இல்லை, அப்புறம் எதற்கு இந்த விலை? தான் எழுதியதைத் தன் மாணவர்களையே வாங்க வைக்க அவருக்கு அனுமதி உண்டா?

கரும்பலகை:
நானும் பாடம் எடுப்பவன்தான். பொதுவாகத் தடை கிடையாது. சில பல்கலைக்கழகங்களில் துறையின் ஒப்புதல் வேண்டும், சில இடங்களில் தன் மாணவர்களால் வரும் ராயல்டியை நன்கொடையாகக் கொடுத்துவிட வேண்டும். நாற்பது பேர் வகுப்பில் ஒருவருக்குப் பெரிதாக ஒன்றும் தேறாது. துறைத் தலைவரே எழுதி, எல்லாப் பிரிவுக்கும் அதுதான் என்றாகும்போதுதான் விவகாரம். 2015இல் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபுல்லர்டன் வளாகத்தில் இது செய்தியானது. கணிதத் துறையின் தலைவரும் துணைத் தலைவரும் எழுதிய 180 டாலர் புத்தகத்தை விட்டுவிட்டு, ஏறத்தாழ 75 டாலர் புத்தகத்தையும் இலவசப் பாடங்களையும் வைத்த ஆசிரியருக்குக் கண்டனக் கடிதம் கொடுத்தார்கள்!

பழைய புத்தகம்:
மின்புத்தகம் மலிவு என்பதே கண்கட்டு வித்தை. 180க்கு வாங்கி 90க்கு விற்றால் செலவு 90தான், 95க்கு வாங்கியதை யாரிடம் விற்பீர்கள்? தாய்லாந்தில் மலிவாக விற்ற பிரதிகளை வரவழைத்து அமெரிக்காவில் விற்ற மாணவர் மீது வைலி பதிப்பகம் வழக்குப் போட்டது. 2013இல் உச்ச நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்றது. ஆனால் வாங்கியதை மறுபடி விற்கும் அந்த உரிமை கையில் இருக்கும் அச்சுப் பிரதிக்குத்தான். மின்புத்தகத்தில் நீங்கள் வாங்குவது வெறும் படிக்கும் அனுமதி.

செமஸ்டர் கடன்:
முதலில் வீட்டுப்பாடம் பதிப்பாளர் தளத்தில் நடக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் முந்தைய பதிப்பே போதும், பெரும்பாலும் பயிற்சிக் கணக்குகளின் வரிசை எண்கள்தான் மாறியிருக்கும். நூலகத்திலும் ஒரு பிரதி இருக்கலாம். கல்விக் கட்டண ரசீதில் புத்தகப் பணத்தை ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், அப்படியென்றால் அதிலிருந்து விலகிக்கொள்ள ஒரு கெடு இருக்கும், அதைத் தாண்டினால் பணம் போனதுதான். பாடம் புரியவில்லை என்றால் உங்கள் ஊர் ரைஸ் பல்கலைக்கழகத்தின் பாடநூல் தளமான ஓப்பன்ஸ்டாக்ஸில் புள்ளியியல் புத்தகம் இலவசம்.

ஹூஸ்டன் அப்பா:
கேட்டுவிட்டேன். வீட்டுப்பாடம் அந்தத் தளத்தில்தானாம், மதிப்பெண்ணில் 20 சதவீதம். தளத்தில் நுழைவதற்கான ஆக்சஸ் கோடு மட்டும் தனியாகக் கிடைக்குமா?

செமஸ்டர் கடன்:
பெரும்பாலும் கிடைக்கும், பதிப்பாளர் தளத்திலேயே தேடுங்கள். பழைய புத்தகத்தோடு வரும் ஆக்சஸ் குறியீட்டை நம்பாதீர்கள், ஒருமுறை பயன்படுத்தியது செல்லாது.