ஏப்ரல் கடைசியில் வெர்மான்ட் பனிச்சறுக்கு: கையைக் கடிக்காமல் முடியுமா?

பனியன்காரன் (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கம். கம்பெனி வேலையாக ஏப்ரல் கடைசி வாரம் நியூயார்க் போகிறேன். சரக்கு வாங்கும் பையர்களோடு பேச்சு வியாழக்கிழமை முடிந்துவிடும். திரும்பும் விமானம் அடுத்த செவ்வாய் இரவுதான். நடுவில் நியூஜெர்சி எடிசனில் அக்கா வீட்டில் தங்குகிறேன். அந்த இடைவெளியில் ஒரு நாளாவது பனிச்சறுக்கு விட வேண்டும் என்பது ஆசை.

எனக்கு இது தெரியும் என்று சொன்னால் இங்கே பாதிப் பேர் நம்பமாட்டார்கள். குல்மார்க்கில் மத்திய சுற்றுலாத் துறையின் கீழ் இயங்கும் பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்து கற்றேன். கட்டணம் குறைவு, வாத்தியார் கறார். நீலச் சதுரக் குறி போட்ட நடுத்தரத் தடங்களில் தைரியமாக இறங்குவேன், வளைவேன், நினைத்த இடத்தில் நிற்பேன். கடினமான தடத்துக்குப் போடும் கறுப்பு வைரக் குறியைப் பார்த்தால் வயிறு கலக்கும்.

அக்காவுக்கும் மச்சானுக்கும் ஸ்கீ தெரியாது. ஏழு வயது மருமகனுக்கு ஆசை நிறைய; பலகையை இன்னும் தொட்டதில்லை. "மாமா வந்து சொல்லித் தருவார்" என்று பள்ளியில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறான்.

அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் வெர்மான்ட் மாநிலத்தை யோசித்து, இணையத்தில் அங்குள்ள ஒரு பெரிய மலையில் மேலே ஏற்றிவிடும் லிஃப்டுக்கான ஒரு நாள் டிக்கெட் விலையைப் பார்த்தேன். சீசன் உச்சத்தில் 150 டாலருக்கு மேல். தப்பாகப் பெருக்கிவிட்டேனோ என்று ரூபாய்க் கணக்கை மறுபடி போட்டேன், சரியாகத்தான் இருந்தது. மேலே ஏறிக் கீழே இறங்க இவ்வளவா? சீசன் முடிகிற நேரம் என்பதால் விலை இறங்கும் என்கிறார்கள். அப்போது பனி இருக்குமா? எங்கே போகலாம்? என்ன உடுத்துவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நொய்யல்கரை (கோவை)

மாப்பிள்ளை, கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த உரிமையில் சொல்கிறேன், பணத்தைப் பத்திரமாக வை. வெர்மான்ட்டில் பெயர்பெற்ற கில்லிங்டன் உச்சியின் உயரம் 4,241 அடி. நம் ஊட்டி டவுனே 7,000 அடிக்கு மேல். ஏப்ரல் கடைசியில் அந்தக் குன்றில் பனியா? ஸ்கீ வேண்டுமென்றால் மேற்கே கொலராடோ போ. அங்கே அரபஹோ பேசின் என்ற இடம் ஜூன் வரைக்கும்கூடத் திறந்திருக்கும். கிழக்குக்கரை ரிசார்ட்டுகள் எல்லாம் நியூயார்க் காசைக் கறக்க வைத்த கடைகள்.

கோபி அக்கா (கோபிசெட்டிபாளையம்)

நொய்யல்கரைத் தம்பி, உயரம் மட்டும் போதும் என்றால் தொட்டபெட்டாவில் எப்போதோ லிஃப்ட் போட்டிருப்பார்கள். கோவை இருப்பது 11 டிகிரி வட அட்சத்தில், கில்லிங்டன் 43 டிகிரியையும் தாண்டி. நீங்கள் சொல்லும் கொலராடோவுக்கு இவர் விமான டிக்கெட் தனியாக எடுக்க வேண்டும். மலிவு கேட்டு வந்தவரிடம் சொல்கிற யோசனையா அது?

என் வீட்டுக்காரருக்கு எஸெக்ஸ் ஜங்ஷன் கணினிச் சிப் ஆலையில் வேலை என்பதால் எங்கள் பிள்ளைகள் வளர்ந்தது வெர்மான்ட்டில்தான். இப்போது கோபியில் வாழைத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆனாலும் ஏப்ரல் வந்தால் கை தன்னால் அந்த மலைகளின் பனி நிலவரத்தைத் திறந்து பார்க்கிறது.

பனியன்காரத் தம்பி, பனி இருக்கும். வானத்திலிருந்து விழுந்ததை மட்டும் நம்பிக் கிழக்கில் யாரும் ஏப்ரல் கடைசி வரை லிஃப்ட் ஓட்டுவதில்லை. குளிர்காலத்தில் தண்ணீரையும் அழுத்தக் காற்றையும் சேர்த்து ஊதிப் பனி செய்வார்கள். காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ் வெப்பநிலை மைனஸ் இரண்டு டிகிரிக்குக் கீழே போனால்தான் அது நன்றாக நடக்கும். ஆகவே ஏப்ரலில் புதிதாகச் செய்ய வழியில்லை, ஜனவரி பிப்ரவரியில் சேர்த்ததைத்தான் செலவழிக்க வேண்டும். கில்லிங்டனில் சூப்பர்ஸ்டார் என்ற ஒரே தடத்தில் அதை வீட்டு உயரத்துக்குக் குவித்து வைப்பார்கள். சுற்றிலும் புல் முளைத்த பிறகும் அந்த வெள்ளைப் பட்டை மட்டும் நிற்கும். மே கடைசி வரை ஓடிய வருடங்கள் பல, ஜூன் முதல் தேதியைத் தொட்ட வருடங்களும் உண்டு.

சிக்கல் என்னவென்றால் சூப்பர்ஸ்டார் கறுப்பு வைரத் தடம். டிக்கெட் மலிவாகும் நேரத்தில் மிஞ்சியிருப்பது செங்குத்துச் சரிவு. புதிதாகக் கற்பவர்களுக்கான பச்சைத் தடங்கள் மலையடிவாரத்தில் இருப்பதால் அவைதான் முதலில் உருகும். விலையை மட்டும் பார்த்துப் போகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மே நடுவில் போனால் உங்களுக்கு அந்த ஒரு தடம்தான். ஏப்ரல் கடைசியில் பெரும்பாலும் மேல்பகுதியில் சில நீலத் தடங்களும் மிச்சமிருக்கும். கிளம்புவதற்கு முன் ரிசார்ட்டின் தளத்தில் எத்தனை தடம் திறந்திருக்கிறது என்று பார்த்தால் போதாது, எந்த நிறம் என்றும் பாருங்கள்.

அதனால் மருமகனை அங்கே கூட்டிப் போகாதீர்கள். அவனுக்கு வேண்டிய இடம் அக்கா வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஈஸ்ட் ரூதர்ஃபோர்டில் அமெரிக்கன் ட்ரீம் என்ற பெரிய மால், அதற்குள் பிக் ஸ்னோ என்ற உள்ளரங்கச் சரிவு. 2019 டிசம்பரில் திறந்தார்கள். வருடம் முழுவதும் உறைநிலைக்குக் கீழே வைத்திருக்கும் நிஜப் பனி. பலகை, பூட்ஸ் மட்டுமல்ல, குளிர் மேல்சட்டை, கால்சட்டைகூட டிக்கெட்டோடு சேர்த்து வாங்கலாம். சரிவு சின்னதுதான், அவனுக்கு அதுவே இமயமலை. மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றியதாகவும் இருக்கும்.

இனி உங்கள் கணக்கு. அன்றைக்குப் போய்க் கவுன்டரில் டிக்கெட் எடுக்கவே கூடாது, அதுதான் இருப்பதிலேயே அதிக விலை. இணையத்தில் முன்கூட்டி எடுங்கள், சனி ஞாயிறை விட்டுத் திங்கள் போங்கள். மச்சானின் அலுவலகத்தில் ஐகான், எபிக் என்று சீசன் பாஸ் வைத்திருப்பவர்கள் கட்டாயம் இருப்பார்கள். தெரிந்தவர்களுக்குச் சலுகை விலையில் டிக்கெட் எடுக்கும் வசதி அந்தப் பாஸ்களில் உண்டு. கில்லிங்டனுக்கு ஐகான்; வெர்மான்ட்டின் ஓகெமோ, மவுன்ட் ஸ்னோ மலைகளுக்கு எபிக். ஆனால் எபிக் மலைகளில் பல அதற்குள் மூடியிருக்கும். வசந்தத்தில் அடுத்த வருட பாஸ் வாங்கினால் இந்த வருட மிச்ச நாள்கள் இலவசம் என்ற விளம்பரமும் கண்ணில் படும். அது உள்ளூர்க்காரர்களுக்கு லாபம், உங்களுக்கு இல்லை.

மலைச்சாலையில் அறை எடுக்க வேண்டாம். ரட்லண்ட் டவுனில் மோட்டல்கள் இருக்கின்றன, மலை அங்கிருந்து சுமார் பதினைந்து மைல். வெர்மான்ட்டில் அது சேற்றுக்காலம். மண்சாலைகள் களியாகிக் கிடக்கும், சுற்றுலாக் கூட்டம் இல்லாததால் அறை வாடகையும் இறங்கியிருக்கும். சில உணவகங்கள் அந்த வாரங்களில் பூட்டிக்கிடக்கும். கைபேசி காட்டும் குறுக்குவழி மண்சாலை என்றால் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள், தார்ச்சாலையில் சுற்றியே போங்கள். எடிசனிலிருந்து ஐந்து மணி நேரப் பயணம். மச்சானுக்கு விடுப்பு கிடைக்காவிட்டால் நியூயார்க்கிலிருந்து ரட்லண்ட் வழியாக ஈதன் ஆலன் எக்ஸ்பிரஸ் என்ற ரயிலும் ஓடுகிறது.

பலகை வாடகையும் ரிசார்ட்டில் வேண்டாம், டவுன் கடையில் எடுங்கள். சீசன் முடிவதால் பழைய வாடகைச் சாமான்களைத் தள்ளுபடியில் விற்பார்கள். காலுக்குப் பொருந்தும் பூட்ஸ் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். குல்மார்க்கில் வாடகை பூட்ஸ் கடித்த புண் ஆறியிருக்காது என்று நினைக்கிறேன்.

பனியன்காரன் (திருப்பூர்)

கோபி அக்கா, கேட்டதற்கு மேலேயே சொல்லிவிட்டீர்கள், மிக்க நன்றி. மருமகன் விஷயம் தீர்ந்தது, வெள்ளிக்கிழமை மாலுக்குப் போகிறோம். திங்கள் எனக்கு.

இரண்டு சந்தேகங்கள். எங்கள் பையர் அலுவலகத்தில் ஒருவர் நியூஹாம்ப்ஷயரில் டக்கர்மன் என்ற பள்ளத்தாக்கைச் சொன்னார். டிக்கெட்டே கிடையாதாம், மே மாதமும் பனி இருக்குமாம். இலவசம் என்றதும் மனம் அங்கே ஓடுகிறது. இன்னொன்று, மாண்ட்ரியல் பக்கம் மலிவு என்று எங்கோ படித்தேன். உண்மையா?

ஆனைமலை (பொள்ளாச்சி)

அண்ணா, டக்கர்மன் வேண்டாம். நான் போயிருக்கிறேன், நடப்பதற்கு மட்டும். டிக்கெட் இல்லாததற்குக் காரணம் அங்கே லிஃப்டே இல்லை. பலகையையும் பூட்ஸையும் முதுகில் கட்டிக்கொண்டு பிங்கம் நாட்சிலிருந்து ஹெர்மிட் லேக் வரை இரண்டரை மைல் ஏற வேண்டும். அதற்குமேல் சுவர் மாதிரி நிற்கும் பனியில் படி வெட்டியபடி ஏறி, எவ்வளவு ஏறினீர்களோ அவ்வளவுதான் இறங்கலாம். வசந்தத்தில் மேலே பாறையில் ஒட்டிய பனிக்கட்டிகள் பெயர்ந்து விழும். கீழே ஓடும் தண்ணீர் பனியை அரித்துக் குழியாக்கியிருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. பனிச்சரிவு அபாயத்துக்கு என்றே தனி மையம் வைத்துத் தினமும் அறிக்கை கொடுக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளத்தாக்கு இருக்கும் மவுன்ட் வாஷிங்டன் உச்சியில் 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 231 மைல் வேகக் காற்றை அளந்திருக்கிறார்கள். அதுவும் ஏப்ரல்தான். நீலத் தடக்காரர் வேடிக்கை பார்க்கப் போகலாம், பலகையை வண்டியிலேயே வைத்துவிட்டு.

மாண்ட்ரியல் பக்கம் சென்-சோவர் என்ற சின்ன மலை மே வரை ஓட்டும், நல்ல இடம். ஆனால் நம் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா தனி. அமெரிக்க விசா இருக்கிறதே என்று எல்லைவரை போய் நிற்க முடியாது.

நொய்யல்கரை (கோவை)

அட்சரேகையை மறந்துதான் பேசினேன், கோபி அக்காவுக்குக் கும்பிடு. ஆனால் ஒரு கேள்வி. பெரிய ரிசார்ட்டுகளை விட்டால் சின்ன மலைகளே கிடையாதா? அங்கே விலை குறையுமே.

கோபி அக்கா (கோபிசெட்டிபாளையம்)

நல்ல கேள்விதான் தம்பி. சின்ன மலைகள் நிறைய உண்டு, எனக்கு அவைதான் பிடிக்கும். மேட் ரிவர் க்ளென் என்று ஒன்று. 1995 முதல் நம் பால் கூட்டுறவுச் சங்கம் மாதிரி, பங்கு வாங்கிய சறுக்குக்காரர்களே அதன் சொந்தக்காரர்கள். ஓர் ஆள் மட்டும் உட்காரும் பழைய நாற்காலி லிஃப்டை விடாப்பிடியாக வைத்திருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் இயற்கைப் பனியை நம்பி ஓடும் மலை, ஏப்ரல் கடைசிக்குத் தாங்காது. மலிவு மலைகள் சீக்கிரம் மூடும், தாமதமாக மூடுபவை பணம் போட்டுப் பனி குவித்தவை. கனடா எல்லையருகே ஜே பீக் இருக்கிறது, கிழக்கில் இயற்கைப் பனி அதிகம் விழும் இடம் என்று பெயர். எடிசனிலிருந்து கில்லிங்டனைவிட இன்னும் தூரம். மெய்ன் மாநிலத்தின் சுகர்லோஃப் அதற்கும் மேலே, போகவே ஏழெட்டு மணி நேரம். பெட்ரோல் செலவில் டிக்கெட் லாபம் கரைந்துவிடும்.

பனியன்காரத் தம்பி, உடுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். உங்களிடம் இதைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது, பருத்தி பனியன் போட்டுப் போகாதீர்கள். வியர்வையைக் குடித்து ஈரமாகவே ஒட்டிக்கொண்டிருக்கும், லிஃப்டில் உட்கார்ந்ததும் விறைக்கும். பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி. இப்போது உங்கள் ஊரிலேயே விளையாட்டு உடுப்பு என்று பாலியெஸ்டரில் தைத்து அனுப்புகிறார்களே, கம்பெனி சாம்பிள் அலமாரியில் ஒன்று கிடைக்காதா? மேலே மழை தாங்கும் மெல்லிய சட்டை. கனமான குளிர் அங்கி வேண்டாம், மதியம் பத்துப் பன்னிரண்டு டிகிரிகூட வரும். கையுறை இரண்டு ஜோடி, ஒன்று நிச்சயம் நனையும். முகத்துக்கு வெயில் களிம்பு. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் நம் பங்குனி வெயிலுக்குச் சளைத்ததில்லை.

நேரம் முக்கியம். இரவில் உறைந்த பனி காலை ஒன்பது மணிக்குக் கண்ணாடிப் பாறை. பத்து மணிக்கு மேலே மேற்பரப்பு இளகி மணிமணியாகும். பலகை சொன்னபடி கேட்கும் நேரம் அதுதான். ஒரு மணிக்கு மேல் கஞ்சியாகிவிடும், அதில் திரும்பும்போதுதான் முழங்கால் போகும். ஆகையால் முதல் லிஃப்டுக்கு அடித்துப் பிடித்து ஓடாதீர்கள். அரிசிம்பருப்பு சாதத்தைச் சூட்டுக்குடுவையில் கட்டிக்கொண்டு போங்கள். அடிவாரக் கூடத்தில் சொந்தச் சாப்பாட்டைப் பிரிப்பது அங்கே வழக்கம்தான்.

பயணக் காப்பீட்டைக் கட்டாயம் எடுத்துப் படியுங்கள். பல பாலிசிகளில் பனி விளையாட்டுக் காயத்துக்குப் பணம் கிடையாது, தனியாகச் சேர்க்க வேண்டும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை அமெரிக்க ஆஸ்பத்திரியில் கொட்ட வேண்டாம்.

பனியன்காரன் (திருப்பூர்)

பருத்தியை வேண்டாம் என்று திருப்பூர்க்காரனிடமே சொல்லிவிட்டீர்களே அக்கா! எங்கள் முதலாளி இதைப் படிக்காமல் இருக்க வேண்டும். பாலியெஸ்டர் சாம்பிள் இரண்டு எடுத்து வைத்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. டிக்கெட்டை முன்கூட்டி எடுக்கச் சொன்னீர்கள். எடுத்த பிறகு மழை வந்தால்?

கோபி அக்கா (கோபிசெட்டிபாளையம்)

மழைதான் உண்மையான எதிரி. வெயிலைவிட மழையும் வெதுவெதுப்பான மூடுபனியும்தான் பனியை வேகமாகத் தின்னும். பணம் திரும்ப வருமா, தேதி மாற்றலாமா என்ற விதியைப் படித்துவிட்டு எடுங்கள். சீசன் முடிகிற வாரத்தில் திங்கள் டிக்கெட் தீர்ந்துபோகாது, அதனால் சனிக்கிழமை இரவு வரை பொறுக்கலாம். அன்று வானிலை அறிக்கையில் ஞாயிறு இரவு உறைநிலைக்குக் கீழே இறங்கும், திங்கள் வெயில் என்று இருந்தால் உடனே எடுங்கள். இரவு முழுக்க ஐந்தாறு டிகிரியில் மழை என்றால் எடுக்கவே வேண்டாம், மருமகனோடு இன்னொரு தடவை மாலுக்குப் போய்விடுங்கள்.