அம்மாவுக்கு "மூன்று நல்ல விஷயங்கள்": செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பா போன பிறகு அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். 2005-இல் உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழு வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் தினமும் இரவு மூன்று நல்ல விஷயங்களையும் அவை ஏன் நடந்தன என்பதையும் எழுதியவர்களுக்கு ஆறு மாதம் வரை மனச்சோர்வு குறைந்திருந்தது. அம்மாவுக்கு எழுத வராது, அதனால் போனில் கேட்கிறேன். முதல் நாள், "முருங்கை பூ விட்டிருக்கு, நீ போன் பண்ணின, அவ்வளவுதான்" என்றார். அப்புறம் நாலு நாளாக அதே முருங்கைதான். இப்போது கேட்டாலே சலித்துக்கொள்கிறார்.

இன்னொரு உளவியலாளர் சோன்யா லியுபொமிர்ஸ்கியின் ஆய்வில், இதே போல நன்றிக்குரிய விஷயங்களை எழுதும் பயிற்சியை வாரம் மூன்று முறை செய்தவர்களைவிட ஒரு முறை செய்தவர்களுக்கே பலன் தெரிந்தது. நானும் ஞாயிறு மட்டும் கேட்கலாமா? "ஏன் நடந்தது" என்பதைப் பரீட்சை மாதிரி இல்லாமல் எப்படிக் கேட்பது? வீட்டுப் பெரியவர்களோடு செய்தவர்கள் சொல்லுங்களேன்.