பகல் முழுவதும் வீட்டில் இருந்தும் ஒரு வேலையும் முடிவதில்லையே, ஏன்?

கேள்வி:
ஒன்றரை வயது மகளையும் நான்கு வயது மகனையும் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டுவிட்டு, 8 மாதங்களாக வீட்டில் இருக்கும் தந்தை நான். வேலைப்பளு அதிகமாக இருக்கும் என்பதை எதிர்பார்த்தே வந்தேன். ஆனால் என்னைக் களைப்படையச் செய்வது பளு அன்று, எதையும் தொடர்ந்தாற்போல் பத்து நிமிடம் செய்ய முடியாத நிலைதான். நேற்று துணி மடிக்க உட்கார்ந்தேன். இரண்டாவது சட்டையைக் கையில் எடுத்தபோது மகள் அழுதாள்; அவளைத் தூக்கிக்கொண்டு திரும்புவதற்குள் மகன் மடித்ததையும் மடிக்காததையும் ஒன்றாகக் குவித்து, அதன்மீது ஏறி நின்றுகொண்டிருந்தான். மாலையில் மனைவி வந்தபோதும் குவியல் அப்படியே கிடந்தது. "இன்று என்ன செய்தீர்கள்?" என்று இயல்பாகத்தான் கேட்டாள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த நாள்களை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவர வழி உண்டா?

பதில் 1:
இரு பிள்ளைகளை வளர்த்த தாயாகச் சொல்கிறேன்: உங்களுக்குக் கிடைக்கும் ஒரே முழுமையான நேரம் மகளின் பகல் தூக்கம்தான். ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த நேரத்தைப் பாத்திரம் கழுவுவதில் செலவழித்துவிட்டு, பிறகு நின்றுகொண்டே சாப்பிட்ட தவற்றை நான் ஓராண்டு செய்தேன். குழந்தை விழித்திருக்கும்போது செய்யவே முடியாதவற்றை மட்டும் அதற்கென ஒதுக்குங்கள். உட்கார்ந்து சாப்பிடுவதும் அவற்றுள் ஒன்று. மகனின் வயதில் உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பதும் அதே வழிகாட்டுதலில் உள்ளது. அவனுக்குத் திரை காட்டுவதாக இருந்தால், தங்கை தூங்கும் நேரத்தில் காட்டுங்கள். துணி மடிப்பதை இருவரும் விழித்திருக்கும்போதே வைத்துக்கொண்டு, காலுறைகளுக்கு ஜோடி சேர்க்கும் பொறுப்பை மகனிடம் கொடுத்துவிடுங்கள்.

பதில் 2:
சிக்கல் ஒழுங்கில் இல்லை, கணக்கில் இருக்கிறது என்பது என் கருத்து. உள்நாட்டு உற்பத்தியை அளக்கும் 2008ஆம் ஆண்டின் தேசியக் கணக்கு முறை, சொந்த வீட்டுக்காக ஊதியமின்றிச் செய்யும் சமையலையும் குழந்தை வளர்ப்பையும் உற்பத்தியாகக் கொள்வதில்லை. இவையும் 'வேலை'தான் என்று தொழிலாளர் புள்ளியியலாளர்களின் பன்னாட்டு மாநாடு 2013இல்தான் வரையறுத்தது. 64 நாடுகளில் நாள்தோறும் 1,640 கோடி மணி நேரம் ஊதியமற்ற பராமரிப்பில் செல்கிறது என்றும், அதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகமானதைப் பெண்களே செய்கிறார்கள் என்றும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் மதிப்பிட்டது. உங்களுக்குப் பதில் வராததில் வியப்பில்லை.

பதில் 3:
மேலே உள்ளவர் சொல்வது உண்மைதான். ஆயினும் மாலை ஆறு மணிக்கு அது உதவாது. துணைவியார் வந்ததும் அரை மணி நேரம் நீங்கள் வெளியே சென்றுவிடுங்கள். வீட்டுக்குள் ஓய்வெடுக்க முயன்றால், குளியலறைக் கதவின் அடியில் நான்கு விரல்கள் தெரியும்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. இன்று மகன் ஏழு ஜோடிக் காலுறைகளைச் சேர்த்தான், ஒன்றுகூடப் பொருந்தவில்லை. மாலையில் மனைவி கேட்பதற்கு முன்பே, அவற்றை அவளிடம் காட்ட ஓடிவிட்டான்.