எலும்பு பெரிதும் கரைந்த முழங்காலுக்கு அளவெடுத்துச் செய்யும் உள்வைப்பு தேவையா?

கேள்வி:
என் அம்மாவின் செயற்கை முழங்கால் மூட்டு, ஒருமுறை மாற்றிய பிறகும் தளர்ந்துவிட்டது. எலும்பு மிகவும் கரைந்திருப்பதால் அவருக்கென்றே வடிவமைத்த உள்வைப்பு வேண்டியிருக்கலாம் என்கிறார் மருத்துவர். ஆயத்தமாகக் கிடைப்பவை போதாதா?

பதில் 1:
பல நேரங்களில் போதும். எலும்பிழப்பை, அதன் கடுமையை அளக்கும் ஏஓஆர்ஐ வகைப்பாட்டில் 1 (குறைவு), 2, 3 (மிக அதிகம்) எனப் பிரிப்பார்கள். 2ஆம் வகையிலும், 3ஆம் வகையில் பலருக்கும், குழிவை நிரப்பும் நுண்துளை உலோகக் கூம்புகளும் எலும்புக்குள் செருகும் நீண்ட தண்டுகளுமே நல்ல பிடிப்பைத் தருகின்றன. கூம்பு உட்காரவே எலும்பின் சுற்றுச்சுவர் எஞ்சாதபோதுதான், சிடி ஸ்கேனைக் கொண்டு அவருக்கென்றே ஓர் உள்வைப்பை முப்பரிமாண அச்சில் டைட்டானியத்தில் உருவாக்குவது பொருள்படும்.

பதில் 2:
அதற்கு முன் தொற்று இல்லையென்பது உறுதியாக வேண்டும். இதை நான் மிகவும் வலியுறுத்துவேன். உடலில் அழற்சி உள்ளதா என்று காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி இரத்தப் பரிசோதனைகளோடு மூட்டு நீரை எடுத்து, வெள்ளணுக்களை எண்ணி, கிருமி வளர்ப்பும் செய்தார்களா என்று கேளுங்கள். தொற்று இருந்தால், பழைய மூட்டை அகற்றி, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட் இடைநிரப்பியைத் தற்காலிகமாக வைத்து, தொற்று அடங்கிய பிறகே புதியதைப் பொருத்துவது பரவலான முறை.

பதில் 3:
அளவெடுத்துச் செய்யும் உள்வைப்பின் தயாரிப்புக்குப் பல வாரங்கள் ஆகும். முழங்காலில் ஏற்கெனவே இருக்கும் உலோகம் ஸ்கேனில் எலும்பின் விளிம்பை மறைக்கும். பழைய மூட்டைக் கழற்றும்போது மேலும் எலும்பு உடைந்தால், அச்சிட்டு வந்தது பொருந்தாமல் போகலாம். ஆகவே, அறுவை அரங்கில் மாற்றாக எதை ஆயத்தமாக வைத்திருப்பார்கள் என்று முன்னதாகவே கேளுங்கள்.