மார்கழி, தை குளிரில் மீனுக்குத் தீவனம் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் யாராவது?

ஊட்டிக்காரன்
சிமென்ட் தொட்டி, ஏழு கோய் (வண்ண அலங்காரக் கெண்டை). ஜனவரியில் உறைபனி விழுந்த வாரம். மத்தியானம் வெயில் ஏறியதும் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்தன. பாவமே என்று ஒரு கைப்பிடி போட்டேன். மறுநாள் காலை தண்ணீர் 9 டிகிரி. மூன்றாம் நாள் பெரியது வயிறு உப்பி மிதந்தது. அறுத்துப் பார்த்தேன். குடல் நெடுகத் தீவனக் கூழ், சிவப்பு நிறம்கூட மாறவில்லை. அதுவாகக் கேட்டுத்தானே போட்டேன்?

டெல்டா குட்டை
எங்களுக்கு அந்த அளவு குளிர் ஏது. ஆனாலும் தவிடும் கடலைப் புண்ணாக்கும் போட்டுத் தொங்கவிடும் பை சித்திரையில் பத்து மணிக்கே காலி; மார்கழியில் மத்தியானம் தொட்டால் பாதி அப்படியே கனக்கும், புளித்த வாடையோடு. ரோகு பக்கத்திலேயே வராது.
ஆனால் உங்கள் மீன் தீவனத்தால்தான் செத்தது என்பதை ஏற்க மாட்டேன். வயிறு உப்ப நோயும் காரணமாகலாம். 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்த ஜெர்மன் கெண்டை அந்தக் குளிரில் பிழைக்கவில்லையா? கோயும் அதே சாதா கெண்டைதானே.

தொட்டி மீன் பிரியர்
பிழைத்தது சரி, குளிரில் அதற்கு யார் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டார்கள்? தண்ணீர் குளிர்ந்தால் அது தானாகவே அடியில் போய் ஒடுங்கிவிடும்.
என் தங்கமீனும் கொடைக்கானலில் ஒரு டிசம்பரில் இப்படித்தான் போனது. அதை விடுங்கள். கெண்டை இனத்துக்கு இரைப்பையே கிடையாது. அமிலம் இல்லை, புரதத்தைச் செரிக்கும் பெப்சின் நொதியும் இல்லை. தொண்டைப் பற்கள் அரைத்துத் தள்ளுவதைக் குடல்தான் சமாளிக்க வேண்டும். உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான் என்பதால், குளிர்ந்தால் நொதிகளும் மந்தம், குடல் அசைவும் மந்தம். கோடையில் சில மணி நேரத்தில் கடந்துபோவது குளிரில் நாள்கணக்கில் கிடக்கும். வாரக்கணக்கில் மெதுவாகக் குளிர்ந்தால் சில மீன்கள் நொதியைக் கூட்டிச் சுரந்து ஓரளவு ஈடுகட்டும். ஒருநாள் வெயிலை நம்பித் தின்றால் ராத்திரி மாட்டிக்கொள்ளும். நீலகிரி அவலாஞ்சியில் இருக்கும் டிரௌட் மீனோடு ஒப்பிடாதீர்கள், அதற்கு இரைப்பை உண்டு, குளிர்நீரே அதன் வீடு.
10 டிகிரிக்குக் கீழே எதுவும் போடாதீர்கள். 10 முதல் 15 வரை கோதுமை முளைத் தீவனம், கொஞ்சமே கொஞ்சம், அதுவும் உச்சிவேளைக்கு முன்பே. ராத்திரி எவ்வளவு இறங்கும் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். வயிறு காலியாக ஒரு மாதம் இருந்தாலும் பெரிய மீன் தாங்கும். முதலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள்.

டெல்டா குட்டை
டிரௌட்டை யார் இழுத்தது? நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

ஊட்டிக்காரன்
9 டிகிரி என்று எழுதியிருக்கிறேனே, தெர்மாமீட்டர் இல்லாமலா? இப்போது 11. மீதி ஆறும் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன.