11 மணி நேரம் 40 நிமிடம் நடந்த மல்யுத்தம் 6 நிமிடமாகச் சுருங்கியது எப்படி?

வைகைக்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஒரே ஒரு மல்யுத்தப் போட்டி 11 மணி நேரம் 40 நிமிடம் நீடித்ததாக ஒரு வார இதழின் துணுக்குப் பகுதியில் படித்தேன். இன்று நாம் பார்க்கும் போட்டிகளோ ஆறு நிமிடத்தில், பல நேரங்களில் அதற்கும் முன்பாகவே, முடிந்துவிடுகின்றன. அந்தத் துணுக்குச் செய்தி உண்மைதானா, உண்மையென்றால் நடுவர்கள் அதை ஏன் நிறுத்தவில்லை, இடைப்பட்ட காலத்தில் விதிகள் எவ்வாறு மாறின என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

இன்னொரு ஐயமும் உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சுஷில் குமார் தமது முதல் போட்டியிலேயே தோற்றார். ஆயினும் வெண்கலப் பதக்கத்துடன் நாடு திரும்பினார். தோற்றவர் மறுபடியும் களமிறங்குவது எந்தக் கணக்கில் சேரும்? தொலைக்காட்சியில் வரும் கேளிக்கை மல்யுத்தத்தைப் பற்றி நான் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பழையஏடு:

செய்தி உண்மைதான். ரஷ்யப் பேரரசின் சார்பில் கலந்துகொண்ட எஸ்தோனியரான மார்ட்டின் கிளைனும் பின்லாந்தின் ஆல்ஃபிரட் அசிக்காய்னனும் மிடில்வெயிட் பிரிவின் அரையிறுதியில் மோதிய போட்டி அது. திறந்த வெளியில், வெயிலில், அரை மணிக்கு ஒருமுறை சற்றே இளைப்பாறிக்கொண்டு இருவரும் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் கிளைன் எதிராளியின் தோள்களைத் தரையில் பதித்து வென்றார். ஆனால் இறுதிப் போட்டிக்கு எழுந்து நிற்கவும் அவர் உடம்பில் தெம்பு இல்லை. ஆகவே சுவீடனின் கிளாஸ் யோஹான்சன் மோதாமலேயே தங்கம் பெற்றார். வென்ற கிளைனுக்குக் கிடைத்தது வெள்ளி.

அதே ஸ்டாக்ஹோமில் நடந்த இன்னொரு போட்டி இதைவிட விசித்திரமானது என்பது என் கருத்து. லைட் ஹெவிவெயிட் இறுதியில் சுவீடனின் ஆண்டர்ஸ் ஆல்கிரனும் பின்லாந்தின் ஈவர் பேலிங்கும் ஒன்பது மணி நேரம் மோதியும் ஒருவரை ஒருவர் வீழ்த்த முடியவில்லை. போட்டி சமன் என்று அறிவிக்கப்பட்டது. எதிராளியை வெல்லாதவருக்குத் தங்கம் இல்லை என்பது அன்றைய நிலைப்பாடாக இருந்தபடியால், இருவருக்கும் வெள்ளி கொடுத்துவிட்டு, தங்கத்தை யாருக்கும் கொடுக்காமலேயே விட்டுவிட்டார்கள்.

நடுவர்கள் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டீர்கள். எந்த அளவுகோலை வைத்து நிறுத்துவது என்பதுதான் அவர்களுடைய இக்கட்டு. ஸ்டாக்ஹோமில் கிரேக்க-ரோமன் பாணி மட்டுமே இடம்பெற்றது. அதில் இடுப்புக்குக் கீழே பிடிப்பதும் காலால் தடுக்கி விழச் செய்வதும் கூடாது. சம வலிமையுள்ள இருவர் மார்போடு மார்பு முட்டி நிற்கும்போது, இப்பிடிக்கு இத்தனை புள்ளி என்று இன்றுபோல் எண்ணிக் கணக்குப் பார்க்கும் வழக்கம் இல்லாவிட்டால், இரு தோள்களும் தரையில் படுவதைத் தவிர வெற்றிக்கு வேறு அடையாளம் ஏது? குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நாம் கேலி பேசுகிறோம். ஆனால் இந்த விளையாட்டில் குப்புறப் படுத்துக் கிடப்பவர் உண்மையிலேயே தோற்றவர் ஆகமாட்டார். முதுகைக் காட்டாமல் மணிக்கணக்கில் அப்படியே கிடக்கலாம்.

1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலும் இதன் சாயல் உண்டு. அங்கே எடைப் பிரிவுகளே கிடையாது. மொத்தம் ஐந்து பேர் மட்டுமே கலந்துகொண்டார்கள். ஜெர்மனியின் கார்ல் ஷூமன் அடிப்படையில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர். அவர் பளுதூக்குதலில் தங்கம் வென்றிருந்த பிரிட்டனின் லான்செஸ்டன் எலியட்டை முதலில் வீழ்த்தினார். கிரேக்க வீரர் கியோர்கியோஸ் சிட்டாஸுடன் நடந்த இறுதிப் போட்டி நாற்பது நிமிடம் ஆகியும் முடியாமல், இருட்டிவிட்டதால் மறுநாளைக்குத் தள்ளிவைக்கப்பட்டு, அதன் பிறகே ஷூமன் வென்றார்.

கோதாவாசி:

மேலே எழுதிய நண்பர் ஸ்டாக்ஹோமோடு நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிந்தியதை நான் தொடர்கிறேன். முதல் உலகப் போருக்குப் பின், 1921ஆம் ஆண்டு லோசான் மாநாட்டை ஒட்டி, மல்யுத்தத்துக்கெனத் தனியான பன்னாட்டுச் சம்மேளனம் அமைந்தது. பின்னாளில் ஃபிலா என்று அறியப்பட்டு, 2014 முதல் யுனைடெட் வேர்ல்ட் ரெஸ்லிங் என்ற பெயரில் இயங்குவது இதுதான். நேரத்துக்கு வரம்பு வந்தது. வரம்புக்குள் யாரும் வீழாவிட்டால் நடுவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். பின்னர் அந்த நேரமும் படிப்படியாகக் குறைந்தது. 1972 மியூனிக்கில் மும்மூன்று நிமிடங்களாக ஒன்பது நிமிடம், 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் ஆறு, 1992 பார்சிலோனாவில் ஐந்து.

இடைக்காலத்தில் ‘கெட்ட புள்ளி’ என்றொரு முறை நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. எதிராளியை மல்லாத்தி வீழ்த்தியவருக்குச் சுமை எதுவும் ஏறாது; புள்ளிக் கணக்கில் வென்றவருக்குக்கூடச் சிறு சுமை ஏறும்; தோற்றவருக்கு அதிகமாக ஏறும். குறிப்பிட்ட அளவைத் தொட்டவர் வெளியேற வேண்டும். ஆகவே ஒருமுறை தோற்றவரும் தொடர்ந்து மோதலாம். கேள்வி கேட்டவரின் இரண்டாவது ஐயத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சுதந்திர இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்த கே. டி. ஜாதவும் இந்த முறையில் விளையாடியவரே. மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தைச் சேர்ந்த அவர் மண் கோதாவில் பழகியவர். 1948 லண்டனில் மேட் மீது மோதி ஆறாமிடம் பெற்றார். 1952 ஹெல்சிங்கிக்குச் செல்லப் பணம் இல்லாதபோது, அவர் படித்த கோல்ஹாப்பூர் ராஜாராம் கல்லூரியின் முன்னாள் முதல்வர் தம் வீட்டை அடகுவைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். ஹெல்சிங்கியில் ஒரு நீண்ட போட்டியை முடித்த கையோடு, சோவியத் வீரர் ரஷீத் மமத்பெக்கோவுடன் மோதும்படி ஜாதவை அழைத்துவிட்டார்கள். இரண்டு போட்டிகளுக்கு இடையே அரை மணி நேர ஓய்வு தர வேண்டும் என்பது விதி. அதை எடுத்துச் சொல்லி வாதாட இந்திய அதிகாரி ஒருவரும் அங்கே இல்லை. களைத்துப்போயிருந்த ஜாதவ் தோற்றார். தங்கம் ஜப்பானின் ஷோஹாச்சி இஷிக்குச் சென்றது, ஜாதவுக்கு வெண்கலம். விதி புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது, அதைக் கேட்டு வாங்க ஆள் வேண்டும்.

வைகைக்கரையான்:

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் இன்றைய ஆறு நிமிடம் எப்போது நிலைபெற்றது? ஒரு காலத்தில் பையிலிருந்து பந்து எடுத்து வெற்றியைத் தீர்மானித்தார்கள் என்று ஒருவர் சொல்லக் கேட்டேன். அதை என்னால் நம்ப முடியவில்லை.

ஈரோட்டுநடுவர்:

நம்பித்தான் ஆக வேண்டும், ஐயா. யாரும் புள்ளி எடுக்காமல் நேரத்தைக் கடத்தினால் என்ன செய்வது என்பது சம்மேளனத்தின் தீராத தலைவலி. 2000 சிட்னியில் இரண்டாம் பகுதி புள்ளியின்றித் தொடங்கினால் இருவரும் கட்டிப் பிடித்த நிலையில் நிற்க வேண்டும், முதலில் பிடியை விட்டவர் புள்ளி இழப்பார் என்ற விதி இருந்தது. மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்று, பதின்மூன்று ஆண்டுகள் பன்னாட்டுப் போட்டிகளில் தோல்வியே காணாத ரஷ்யாவின் அலெக்சாந்தர் கரேலின், அந்தப் பிடியில் கைகோர்ப்பு ஒரு கணம் விலகியதால் ஒரு புள்ளி இழந்து, 0–1 என அமெரிக்காவின் ரூலன் கார்ட்னரிடம் தோற்றார்.

அடுத்து வந்தது அதைவிட மோசம். 2005 முதல் போட்டியை இரண்டிரண்டு நிமிடங்களாக மூன்று பகுதிகளாக்கி, இரண்டு பகுதிகளை வெல்பவரே வெற்றியாளர் என்றார்கள். கால்களையும் பிடிக்க இடம்தரும் ஃப்ரீஸ்டைல் பாணியில் ஒரு பகுதி புள்ளியின்றி முடிந்தால், நடுவர் பையிலிருந்து ஒரு பந்தை எடுப்பார். சிவப்பு வந்தால் சிவப்பு உடை அணிந்தவருக்கு, நீலம் வந்தால் நீலத்துக்கு, எதிராளியின் காலைப் பிடித்துக்கொண்டு தொடங்கும் வாய்ப்புக் கிடைக்கும். காலைக் கையில் கொடுத்த பிறகு அந்தப் பகுதியை யார் வெல்வார் என்பது பெரும்பாலும் சொல்லாமலே தெரியும். நான்கு ஆண்டு உழைப்பை ஒரு பந்தின் நிறத்தில் கொண்டுபோய் வைத்தார்கள் என்ற கோபம் எனக்கு இன்றும் உண்டு.

2013 பிப்ரவரியில் ஒலிம்பிக் கமிட்டியின் செயற்குழு, 2020 ஒலிம்பிக்கின் அடிப்படை விளையாட்டுகள் பட்டியலிலிருந்து மல்யுத்தத்தை நீக்கப் பரிந்துரைத்தது. அப்போதுதான் சம்மேளனத்துக்கு உறைத்தது. தலைவர் ரஃபாயெல் மார்த்தினெத்தி விலகினார். செர்பியாவின் நேனாத் லாலோவிச் பொறுப்பேற்றார். பந்துப் பை ஒழிந்தது. மூன்று நிமிடப் பகுதிகள் இரண்டு, புள்ளிகளை இறுதிவரை கூட்டிக்கொண்டே போவது, எதிராளியைக் கீழே கொண்டுவந்தால் இரண்டு புள்ளி என்ற இன்றைய அமைப்பு அந்த ஆண்டிலேயே வந்தது. செப்டம்பரில் பியூனஸ் அயர்ஸில் நடந்த வாக்கெடுப்பில் 49 வாக்குகளுடன் மல்யுத்தம் மீண்டது. 2004இல்தான் ஒலிம்பிக்கில் நுழைந்திருந்த பெண்கள் மல்யுத்தத்துக்கும் இதனால் நன்மை விளைந்தது: நான்காக இருந்த எடைப் பிரிவுகள் 2016 முதல் ஆறாயின.

இனி தோற்றவர் பதக்கம் பெறும் கணக்கு. இதற்கு ரெப்பெசாஜ் என்று பெயர். இறுதிப் போட்டிக்குச் செல்பவரிடம் வழியில் தோற்றவர்களுக்கு மட்டும் வெண்கலத்துக்காக மோத மறுவாய்ப்புத் தருவார்கள். வலிமையான வீரரைத் தொடக்கத்திலேயே எதிர்கொண்டவர் குலுக்கலின் குற்றத்துக்குப் பலியாகக் கூடாது என்பதே காரணம். சுஷில் குமாரைத் தோற்கடித்த உக்ரைனின் ஆந்திரி ஸ்டாட்னிக் இறுதிவரை சென்றார். அதனால் சுஷிலுக்கு வழி திறந்தது, அவரும் தொடர்ந்து மூன்று போட்டிகளை வென்றார்.

2024 பாரிஸில் இதே விதி ஒரு முடிச்சைப் போட்டது. வினேஷ் போகட் ஜப்பானின் யுய் சுசாகியை வென்று இறுதிக்கு முன்னேறினார். மறுநாள் காலை எடை பார்த்தபோது 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் இருந்ததால் தகுதி இழந்து, விதிப்படி கடைசி இடத்தில் வைக்கப்பட்டார். அரையிறுதியில் அவரிடம் தோற்ற கியூபாவின் குஸ்மான் இறுதியில் விளையாடினார். ஆனால் வெண்கலத்துக்கான மறுவாய்ப்பில் மட்டும் வினேஷ் இறுதிக்குச் சென்றவராகவே கணக்கில் கொள்ளப்பட்டார். அதன்படி வெண்கலப் போட்டியில் இறங்கிய சுசாகி, உக்ரைனின் ஒக்சானா லிவாச்சை வென்று பதக்கம் பெற்றார். அந்த லிவாச்சும் காலிறுதியில் வினேஷிடம் தோற்றவர்தான்.