எல்1 (கீழ்முதுகின் முதல்) முள்ளெலும்பு நசுங்கியிருக்கிறது, டெக்ஸாவில் (எலும்பு அடர்த்தி ஸ்கேன்) ஆஸ்டியோபீனியாதான் (அடர்த்தி ஓரளவு குறைவு). கால்சியம் மட்டும் போதுமா?

கேள்வி:
அப்பாவுக்கு 74 வயது. தண்ணீர்க் குடத்தைக் குனிந்து தூக்கும்போது முதுகில் சுரீரென்று பிடித்தது, விழவில்லை. எக்ஸ்ரேயில் எல்1 முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி இருக்கிறது. டெக்ஸா டி-ஸ்கோர் (இளம் வயது எலும்போடு ஒப்பிட்ட அடர்த்தி எண், இறங்க இறங்க மெலிவு) முதுகில் -1.3, இடுப்பில் -2.2. ஆஸ்துமாவுக்காகப் பல வருடமாக விட்டுவிட்டு பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு மாத்திரை) எடுக்கிறார். கால்சியம் மாத்திரையும் பெல்ட்டும் கொடுத்திருக்கிறார்கள். போதுமா?

பதில் 1:
போதாது. அந்த -1.3ஐ நம்பாதீர்கள். இந்த வயதில் முள்ளெலும்பின் ஓரத்தில் வளர்ந்த எலும்பு முட்களும், மகாதமனியில் படிந்த சுண்ணாம்பும் கணக்கில் சேர்ந்து ஸ்கோரை ஏற்றிவிடும். நசுங்கிய எலும்பே அடர்த்தியாகத்தான் தெரியும். குடம் தூக்கியதற்கே எலும்பு நசுங்கியது என்றால், வேறு நோய் இல்லாதபட்சத்தில், ஸ்கோர் என்னவானாலும் அது ஆஸ்டியோபோரோசிஸ்தான் (எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்).

அந்த வேறு நோயைத்தான் முதலில் தேட வேண்டும். ரத்தத்தில் ஈ.எஸ்.ஆர் (அழற்சியைக் காட்டுவது), கால்சியம், கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), வைட்டமின் டி, தைராய்டு, பி.எஸ்.ஏ (புராஸ்டேட்டுக்கு), காலை நேர டெஸ்டோஸ்டிரோன் பாருங்கள். ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் சீரம் புரோட்டீன் எலக்ட்ரோபோரெசிஸை விட்டுவிடாதீர்கள். மைலோமாவும் (எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்) முதலில் இப்படித்தான் தலைகாட்டும். காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் அடங்காத வலி இருந்தால் எம்.ஆர்.ஐ. நம் ஊரில் முதுகெலும்புக் காசநோயையும் மறக்கக் கூடாது.

பதில் 2:
சிகிச்சைக்கு வருவோம். எலும்பு கரைவதைக் குறைக்க ஆண்டுக்கு ஒருமுறை சோலெட்ரோனிக் அமிலம் 5 மி.கி. டிரிப், அல்லது வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரை. மாத்திரை என்றால் வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் வெறும் தண்ணீரில். அரை மணி நேரம் படுக்கவோ சாப்பிடவோ கூடாது, உணவுக்குழாய் புண்ணாகிவிடும். காபியோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது.

டிரிப் என்றால் கிரியேட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) நிமிடத்துக்கு 35 மி.லி.க்குக் கீழே இருக்கக் கூடாது. வைட்டமின் டி குறைவாக இருக்கும்போது ஏற்றினால் ரத்தக் கால்சியம் சரிந்து கைகால் இழுக்கும். அதனால் குறைவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்வார்கள். பெரும்பாலும் 60,000 யூனிட் வாரம் ஒன்றாக 8 வாரம், சாப்பாட்டுக்குப் பின். பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதையும் முன்பே முடித்துவிடுங்கள். டிரிப் போட்ட பின் ஓரிரு நாள் காய்ச்சல், உடம்புவலி வரலாம், பயப்பட வேண்டாம்.

டெனோசுமாப் (எலும்பு கரைவதைத் தடுக்கும் ஊசி) எழுதினால் 6 மாதத் தவணை தள்ளக் கூடாது. மாற்று மருந்தில்லாமல் நிறுத்தினால் ஒரே சமயத்தில் பல முள்ளெலும்புகள் நசுங்கலாம். பிரெட்னிசோலோன் எலும்பை மெலியவைக்கும், ஆனாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்ஹேலரால் குறைக்க முடியுமா என்று நுரையீரல் மருத்துவரிடம் கேளுங்கள்.

பதில் 3:
படுக்கையிலிருந்து நேராக எழ விடாதீர்கள். முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாக உருண்டு பக்கவாட்டில் திரும்பி, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். குனிந்து காலைத் தொடும் உடற்பயிற்சி வேண்டவே வேண்டாம். எலும்பின் முன்பக்கத்துக்கே அழுத்தம் போகும். பெல்ட் சில வாரத்துக்குத்தான். நீண்டால் முதுகுத் தசை தளர்ந்துவிடும்.

கால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.